மீனுக்குத் தண்ணீர் வேண்டும், சுவருக்கு வேண்டுமா?



உங்கள் வீட்டில் மீன் தொட்டி இருக்கிறதா? அப்படியானால் மேற்கொண்டு படிப்பதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். எழுந்து போய், தொட்டிக்கும் சுவருக்கும் இடையே கையை நுழைத்துச் சுவரைத் தடவிப் பாருங்கள். கை காய்ந்தபடியே திரும்பினால் மகிழ்ச்சி. சில்லென்று ஈரம் தட்டுகிறதா? விரல் நுனியில் கரிய பொடி ஒட்டிக்கொண்டு வருகிறதா? மழைக்காலத்தில் காயாத துணிமூட்டையின் வாடை அடிக்கிறதா? அப்படியானால் இந்தக் கட்டுரை உங்களுக்காகத்தான்.

மீன் தொட்டிக்கென்று ஓர் அறையை ஒதுக்குகிறவர்கள் மீனைப் பற்றி எவ்வளவோ விசாரிக்கிறார்கள். எந்த மீன், என்ன தீனி, எத்தனை அடித் தொட்டி என்று பத்துப் பேரைக் கேட்கிறார்கள். அந்த அறையின் சுவருக்கு எதைப் பூசுவது, எதை ஒட்டுவது என்று கேட்பவர் நூற்றில் ஒருவர்கூட இல்லை. நானும் கேட்கவில்லை. கேட்காததன் பலனை அனுபவித்தவன் நான் அல்லன், என் மகன்.

எங்கள் வீட்டுக் கதை

நாங்கள் இருப்பது தைப்பிங்கில். தீபகற்ப மலேசியாவிலேயே மழைக்குப் பேர் போன ஊர். தாமான் ஒன்றில் வரிசை வீடு. முன்னறையை அடுத்த சிறிய அறையில் 4 அடித் தொட்டி ஒன்றையும் அதன் பக்கத்தில் இரண்டு சிறு தொட்டிகளையும் வைத்தேன். அந்த அறைக்குச் சுவரை ஒட்டினாற்போல் மகன் படுக்கும் அறை. அப்போது அவனுக்கு வயது 9.

அவன் அறைக்கு ஏர்கோன் பொருத்திய கையோடு, சுவருக்கும் அழகு செய்ய வேண்டும் என்று பிள்ளை ஆசைப்பட்டான். நீல வானமும் மேகமும் போட்ட வினைல் சுவர்த்தாளை வாங்கி, இரண்டு அறைகளுக்கும் நடுவில் உள்ள சுவரில், அவன் தலைமாட்டுப் பக்கம் ஒட்டினோம். “தண்ணீர் புகாத தாள், துடைத்தால் போதும்” என்றார் கடைக்காரர். அவர் சொன்னது பொய்யில்லை. அந்தத் தாளில் தண்ணீர் புகாது. அதுவே வினையாகும் என்பது எங்களுக்குத் தெரியவில்லை.

நாலைந்து மாதம் போயிருக்கும். பையனுக்கு இரவில் இருமல். பிறகு இழுப்பு. சிறு வயதில் வந்து போன ஆஸ்துமா மறுபடியும் தலைகாட்டியது. இரண்டு முறை நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இரண்டாம் முறை டாக்டர் கேட்டார்: “வீட்டில் ஈரச் சுவர் இருக்கிறதா? பூசணம் இருக்கிறதா?” இல்லவே இல்லை என்றேன். கண்ணுக்குத் தெரிந்தவரை சுவர் சுத்தமாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி பேசாமல் போய், தலையணைக்கு மேலே தாளின் ஓர் ஓரத்தைப் பிடித்துக் கிழித்தார். ஈரத்தில் தாள் தோல் உரிவதுபோல் உரிந்து வந்தது. அதன் பின்னால், நீல வானத்துக்கு நேர் பின்னால், தலையணை அகலத்துக்குக் கறுப்பும் பச்சையுமாகப் பூசணம். இரவெல்லாம் எங்கள் பிள்ளையின் மூக்கு அதிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்திருக்கிறது.

அன்றைக்குத்தான் நான் சுவரைப் பற்றிப் படிக்கவும், கொத்தனார்களையும் சாயம் அடிப்பவர்களையும் விசாரிக்கவும் தொடங்கினேன். தெரிந்துகொண்டதை உங்களுக்குச் சொல்கிறேன்.

தொட்டித் தண்ணீர் எங்கே போகிறது?

தொட்டியில் தண்ணீர் குறைகிறது. நாம் வாளியில் கொண்டுவந்து ஊற்றுகிறோம். குறைந்த தண்ணீர் எங்கே போனது என்று என்றைக்காவது யோசித்திருக்கிறோமா? மீன் குடித்துத் தீர்க்கவில்லை. அது ஆவியாகி அறைக்குள் போயிருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 4 அடித் தொட்டி என்பது சுமாராக 120 சென்டிமீட்டர் நீளம், 45 சென்டிமீட்டர் அகலம். அதில் தண்ணீர் மட்டம் 1 சென்டிமீட்டர் இறங்கினால் 5.4 லிட்டர் தண்ணீர் ஆவியானதாகப் பொருள். நான் கண்ணாடியில் ஒரு காகிதப் பட்டையை ஒட்டிக் கோடு போட்டு அளந்தேன். மூடியில்லாத என் தொட்டியில் வாரத்திற்கு 2 சென்டிமீட்டர் இறங்கியது. அதாவது 10.8 லிட்டர். நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர்!

இப்போது அறையைப் பாருங்கள். 10 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள அறையில் சுமார் 28 கன மீட்டர் காற்று இருக்கும். 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 1 கன மீட்டர் காற்று அதிகம் போனால் 30 கிராம் நீராவியைத்தான் தாங்கும். ஆக, அந்த அறைக் காற்று முழுவதும் சேர்ந்தாலும் ஒரு லிட்டர் தண்ணீரைக்கூட ஆவியாக ஏந்த முடியாது. நம் நாட்டுக் காற்றோ ஏற்கெனவே முக்கால் பங்குக்கு மேல் ஈரம் குடித்த காற்று. மிச்சத் தண்ணீர் எங்கே போகும்? சன்னல் திறந்திருந்தால் வெளியே போகும். மூடியிருந்தால் சுவருக்கும் அலமாரிக்கும் போகும்.

இதோடு இன்னொரு சங்கதி. 30 பாகை வெப்பமும் 80 விழுக்காடு ஈரமும் உள்ள காற்று, 26 பாகைக்குக் குளிர்ந்த எதன்மேல் பட்டாலும் அங்கே நீர் முத்துமுத்தாகப் படியும். ஐஸ் போட்ட தண்ணீர்க் குவளையின் வெளிப்புறம் வியர்ப்பதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? அதுவேதான். எங்கள் வீட்டில் அந்தக் குவளை, ஏர்கோன் ஓடிய மகனின் அறை. தொட்டி அறையின் ஈரக் காற்று செங்கல்லின் நுண்துளைகள் வழியே ஊடுருவி, சில்லிட்ட மறுபக்கத்துக்கு வந்து நீராகிறது. வெறும் சுவராக இருந்தால் அறைக்குள் காய்ந்து போயிருக்கும். நாங்களோ வினைல் தாளால் அதன் வாயை அடைத்துவிட்டோம். போகவும் வழியின்றி, காயவும் வழியின்றி, நீர் தாளுக்குப் பின்னால் தங்கிவிட்டது. தாளை ஒட்டிய பசை பூசணத்துக்கு விருந்தாயிற்று. வெப்ப நாடுகளில் ஏர்கோன் போட்ட ஓட்டல் அறைகளில் வினைல் தாளுக்குப் பின்னால் பூசணம் பிடிப்பது கட்டடத் துறையினர் நன்கறிந்த தொல்லை என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

இந்தக் கட்டுரையில் நீங்கள் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: ஈரம் வரும் பக்கத்தில் தடுக்க வேண்டும், குளிர்ந்த மறுபக்கத்தை மூச்சுவிட விட வேண்டும். நாங்கள் செய்தது நேர் தலைகீழ்.

லயத்துச் சுவர் சொன்ன பாடம்

எங்களோடு இருக்கும் என் தாயார் அந்தக் கிழிந்த தாளைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னார்: “ஏன்டா தம்பி, லயத்துல நாம இருந்த வீட்டுக்கு வெறும் சுண்ணாம்புதான அடிச்சோம்? இந்த நாத்தம் அங்க இருந்துச்சா?”

யோசித்துப் பார்த்தேன். நான் பிறந்து வளர்ந்தது ரப்பர்த் தோட்டத்து லயத்து வீட்டில். பாதிச் சுவர் கல், மீதி பலகை. தீபாவளிக்கு முன் ஆண்டுதோறும் சுண்ணாம்பு அடிப்போம். சுண்ணாம்பைத் தண்ணீரில் ஊற வைத்து, கொஞ்சம் நீலம் கலந்து, தென்னை மட்டையை நசுக்கி மட்டமாக்கிப் பூசுவார் அப்பா. கூரை ஒழுகும், சுவர் நனையும். ஆனாலும் இரண்டு வெயிலில் காய்ந்துவிடும்.

காரணம் இரண்டு. சுண்ணாம்புப் பூச்சு சுவரின் துளைகளை அடைப்பதில்லை. உள்ளே போன ஈரம் வெளியே வந்துவிடும். மேலும், புதுச் சுண்ணாம்பு கடுமையான காரம். பூசணம் அதில் வேர் பிடிக்காது. நாளடைவில் காற்றிலுள்ள கரிவளியைக் குடித்து அந்தக் காரம் தணிந்துவிடும். ஆண்டுதோறும் அடிக்க வேண்டியிருந்ததன் பொருள் இதுதான். பலகை இடுக்கில் காற்று புகுந்து புறப்பட்டதையும் மறக்கக்கூடாது.

பழையதெல்லாம் பொன் என்று நான் சொல்ல வரவில்லை. லயத்து வீட்டில் பட்ட கஷ்டம் பட்டவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்தச் சுவருக்குத் தெரிந்த ஒரு வித்தையை நாம் மறந்துவிட்டோம்.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள்

சுவர் இருந்தால்தானே சித்திரம் எழுத முடியும்? ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் எதைப் பூசினாலும் காசு தண்ணீரோடு போகும். வழிகள் நான்கு.

முதலாவது, தரையிலிருந்து ஏறும் ஓதம். பழைய வீடுகளின் கீழ்த்தளத்தில் சுவரின் அடி இரண்டு மூன்று அடி உயரத்துக்கு நிறம் மாறி, சாயம் செதிலாக உதிர்ந்து, வெள்ளை உப்பு பூத்திருக்கும். இரண்டாவது, வெளிச்சுவர் வெடிப்பிலோ கூரைச் சாலிலோ புகும் மழைத் தண்ணீர். மழை பெய்த மறுநாள் கறை பெரிதாகும். மூன்றாவது, சுவருக்குள் ஒழுகும் குழாய், அல்லது அடுக்குமாடி வீடானால் மேல் வீட்டிலிருந்து இறங்கும் கசிவு. நான்காவதுதான் தொட்டி ஆவி.

எது என்று கண்டுபிடிக்கச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. ஒன்றரை அடிச் சதுரத்தில் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தாள் ஒன்றை எடுத்து, நான்கு ஓரத்தையும் காற்றுப் புகாதபடி ஒட்டுநாடாவால் சுவரில் ஒட்டுங்கள். ஒருநாள் முழுக்க விட்டுவிடுங்கள். மறுநாள் தாளின் உட்புறம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம், நீர்த்துளி இருந்தால் சுவருக்குள்ளேயே ஈரம் இருக்கிறது. வெளிப்புறம் நனைந்திருந்தால் அறைக் காற்றின் ஈரம். இரண்டு பக்கமும் காய்ந்திருந்தால் தைரியமாக வேலையைத் தொடங்கலாம்.

உட்புறம் நனைந்திருந்தால் எந்தப் பூச்சையும் வாங்காதீர்கள். முதலில் வெடிப்பை அடையுங்கள், குழாயைச் சரிசெய்யுங்கள், மேல் வீட்டாரோடு உட்கார்ந்து பேசுங்கள். பிறகு சுவரைக் காயவிடுங்கள். எங்கள் சுவர் காய 6 வாரம் பிடித்தது. பொறுத்தார் பூமி ஆள்வார். பொறுத்தவருக்குச் சுவரும் நிலைக்கும்.

எதைப் பூசலாம், எதை ஒட்டலாம்?

கடைக்குப் போனால் பத்து வகை காட்டுவார்கள். ஒவ்வொன்றையும் பார்ப்போம்.

கழுவத்தக்க நீர்ச்சாயம்: இன்று கடைகளில் கிடைக்கும் அக்ரிலிக் எமல்ஷன் சாயங்களில், துடைத்துக் கழுவக்கூடியதும் பூசணத்தை எதிர்க்கும் மருந்து சேர்ந்ததும் உண்டு. தொட்டி அறையின் பொதுச் சுவர்களுக்கு இதுவே போதும். புதிதாகப் பூசிய சிமெண்டு குறைந்தது 4 வாரமாவது காய வேண்டும். அதன் மேல் சிமெண்டின் காரத்தைத் தாங்கும் அடிப்பூச்சு ஒன்று, பிறகு சாயம் இரண்டு கை. அடிப்பூச்சை மிச்சம் பிடிப்பவர்களின் சுவர்தான் முதலில் உரிகிறது. பூசண மருந்து ஆயுளுக்கும் நிற்காது; சில ஆண்டுகளில் தேய்ந்துவிடும்.

எண்ணெய்ச் சாயமும் எப்பாக்சியும்: எண்ணெய்ச் சாயம் பளபளப்பாக இருக்கும், நீராவியை நன்றாகத் தடுக்கும். ஆனால் காயாத சிமெண்டில் அடித்தால் காரம் பட்டுச் சவர்க்காரம்போல் பிசுபிசுத்துவிடும்; ஈரச் சுவரில் அடித்தால் கொப்புளம் கிளம்பும். இரண்டு டின்னைக் கலந்து அடிக்கும் எப்பாக்சிச் சாயம் இன்னும் உறுதியானது. நன்றாகக் காய்ந்த சுவரில், தொட்டிக்கு நேர் பின்னால் அடிக்கலாம்.

டைல்ஸ்: தொட்டிக்குப் பின்னால் தண்ணீர் தெறிக்கும் இடத்துக்கு இதற்கு ஈடு வேறில்லை. தரையிலிருந்து தொட்டியின் மேல் விளிம்புக்கு 1 அடி உயரம் வரை பதித்தால் போதும். அறை முழுவதும் பதிக்கத் தேவையில்லை. ஒன்றைக் கவனியுங்கள். டைல்ஸ் தண்ணீரைக் குடிக்காது. ஆனால் இடையில் பூசும் சாதாரண சிமெண்டுப் பூச்சு குடிக்கும். அங்கே எப்பாக்சிப் பூச்சுப் போடச் சொல்லுங்கள். ஓதம் ஏறும் சுவரில் டைல்ஸ் பதித்தால் அடைபட்ட ஈரம் டைல்ஸுக்கு மேலே ஏறிப்போய்க் கறையாகத் தெரியும்.

பி.வி.சி. பலகை: ஒன்றோடொன்று கோத்து மாட்டும் பிளாஸ்டிக் பலகை. தண்ணீரால் கெடாது, கரையான் தின்னாது. ஆனால் அதன் முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியாது. மாட்டுவதானால் சுவரோடு ஒட்டி அறையாமல், அலுமினியச் சட்டம் வைத்து, மேலும் கீழும் காற்றுப் போக இடைவெளி விட்டு மாட்டுங்கள். மரச் சட்டம் வைத்தால் கரையானுக்கு நாமே கதவு திறந்தது போலாகும். ஆண்டுக்கு ஒருமுறை ஒரு பலகையைக் கழற்றிப் பின்புறத்தைப் பாருங்கள்.

ஒட்டுப்பலகையும் அட்டைப் பலகையும்: அமுக்கிச் செய்த மரத்தூள் பலகை, தொட்டி அறைக்கு ஆகவே ஆகாது. ஓரத்தில் ஈரம் பட்டால் ஊறி ரொட்டிபோல் உப்பிவிடும். ஜிப்சம் பலகையின் மேலே இருப்பது காகிதம். பச்சை நிறத்தில் வரும் ஈரம் தாங்கும் வகைகூட, தண்ணீர் தெறிக்கும் இடத்துக்கு ஏற்றதன்று. தடுப்புச் சுவர் எழுப்புவதானால் நார்ச் சிமெண்டுத் தகடு நல்லது. ஆனால் பழைய வீடுகளில் ஏற்கெனவே உள்ள தகடுகளில் அஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கக்கூடும். அவற்றைத் துளையிடவோ அறுக்கவோ தேய்க்கவோ வேண்டாம். அந்தத் தூசு நுரையீரலுக்கு எமன்.

சுவர்த்தாளும் நுரைத்தாளும்: காகிதச் சுவர்த்தாள் பூசணத்துக்குத் தீனி. வினைல் தாளின் கதையைச் சொல்லிவிட்டேன். இப்போது செங்கல் சுவர்போல் அச்சடித்து, பின்னால் பசையோடு மலிவாக வரும் நுரைத்தாளும் அதே சாதிதான். தொட்டி அறையிலும் வேண்டாம். அதை ஒட்டிய ஏர்கோன் அறையிலும் வேண்டாம். தொட்டிக்குப் பின்னால் அழகான காட்சி வேண்டும் என்றால், அந்தப் படத்தைச் சுவரில் ஒட்டாமல் தொட்டியின் பின் கண்ணாடியில் ஒட்டுங்கள். அழகும் இருக்கும், சுவரும் மூச்சுவிடும்.

சுண்ணாம்பு: ஓதம் ஏறும் பழைய சுவருக்கும், ஏர்கோன் அறையின் மறுபக்கத்துக்கும் இன்றும் நல்லது. ஆனால் பழைய எமல்ஷன் சாயத்தின் மேல் ஒட்டாது. சுரண்டி எடுத்து வெறும் பூச்சின் மேல்தான் அடிக்க வேண்டும். கண்ணில் பட்டால் ஆபத்து. பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள். சுண்ணாம்பு வேண்டாம் என்பவர்கள் பளபளப்பில்லாத சாதாரண எமல்ஷனை அடிக்கலாம். அதுவும் ஓரளவு மூச்சுவிடும்.

சுவரைவிட மூடி முக்கியம்

வாசகர்களே, இவ்வளவையும் சொன்ன பிறகு ஓர் உண்மையைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் அதிகப் பலன் தந்தது எந்தப் பூச்சும் அன்று. தொட்டிக்குப் போட்ட கண்ணாடி மூடி! மூடி போட்ட பிறகு வாரத்திற்கு 2 சென்டிமீட்டர் இறங்கிய மட்டம் அரை சென்டிமீட்டராகக் குறைந்தது. முக்கால் பங்கு ஆவியை மூடியே பிடித்து மறுபடியும் தொட்டியில் சொட்டவிட்டது. காற்றுக் குழாய் நுழைய இடம் விட்டால் மீனுக்கு ஒரு குறையும் வராது.

கெலிசா எனப்படும் அரோவானா வளர்ப்பவர்களுக்கு மூடி இரட்டிப்பு அவசியம். எங்கள் ஊருக்கு வடக்கே உள்ள புக்கிட் மேரா ஏரி, கிரியான் வயல்களுக்குத் தண்ணீர் தருவதற்காக 1906-இல் அமைக்கப்பட்டது. இன்று கெலிசாவுக்கும் பேர் பெற்றது. ஆசியக் கெலிசா 1975-ஆம் ஆண்டிலிருந்து அனைத்துலக உடன்பாட்டின்படி பாதுகாக்கப்படும் மீன். பண்ணையில் பிறந்து, உடலில் அடையாளச் சில்லு பொருத்தி, சான்றிதழோடு வருவதைத்தான் வாங்க வேண்டும். அந்த மீன் துள்ளுவதில் கெட்டிக்காரன். விலை உயர்ந்த மீனைக் காலையில் தரையில் காணாதிருக்க, மூடி கனமாக இருக்கட்டும்.

தொட்டியைச் சுவரிலிருந்து 4 அங்குலமாவது தள்ளி வையுங்கள். காற்று ஓடும், கையும் துணியும் நுழையும். பிறகு நகர்த்தலாம் என்று நினைக்காதீர்கள். 45 சென்டிமீட்டர் உயரம் உள்ள 4 அடித் தொட்டியில் தண்ணீர் மட்டுமே 243 கிலோ! சன்னலைப் பகலில் திறந்து வையுங்கள். சன்னல் இல்லாத அறையானால் காற்றை வெளியே தள்ளும் விசிறி ஒன்று பொருத்துங்கள். மின்சாரப் பிளக்கு தொட்டிக்கு நேர் பின்னால் இருக்கக்கூடாது. பக்கவாட்டில் உயரத்தில் இருக்கட்டும். கம்பி பிளக்குக்குப் போகுமுன் கீழே தொங்கி வளைந்து மேலேற வேண்டும். அப்போதுதான் வழிந்து வரும் நீர்த்துளி பிளக்குக்குள் போகாமல் வளைவில் சொட்டிவிடும். ஈரச் சுவரும் மின்சாரமும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

வேலை நடக்கும்போது மீனைக் காப்பாற்றுங்கள்

சாயம் அடிக்கும் நாளில் மீன் செத்துவிட்டது என்று அங்கலாய்ப்பவர்கள் உண்டு. காற்றுப் பம்பு அறைக் காற்றை உறிஞ்சித்தான் தொட்டிக்குள் விடுகிறது. அறையில் சாய வாடை இருந்தால் அதையும் சேர்த்துத்தான் விடும். பம்பை நிறுத்தினால் மீன் மூச்சுத் திணறும். என்ன செய்வது? பம்பை அடுத்த அறைக்குக் கொண்டுபோய், நீளமான குழாய் போட்டு, அங்கிருந்து நல்ல காற்றை அனுப்புங்கள். தொட்டியை மூடி, ஈரத்துணியால் போர்த்துங்கள். கொசு மருந்து புகை அடிக்கும் நாளிலும் இதே உபாயம் உதவும்.

மற்றொரு எச்சரிக்கை. குளியலறைக்கென்று விற்கும் பூசணம் பிடிக்காத சிலிக்கோனில் நச்சு மருந்து கலந்திருக்கும். டைல்ஸ் ஓரத்துக்கு அது சரி. தொட்டி ஒழுக்கை அடைக்க அதைத் தொடவே கூடாது. தொட்டிக்கென்று விற்பதையே வாங்குங்கள்.

இருக்கிற பூசணத்தை எப்படி எடுப்பது? காய்ந்த துடைப்பத்தால் தட்டாதீர்கள்; வித்துகள் வீடு முழுவதும் பறக்கும். மூக்குக்கு முகமூடி, கைக்கு உறை. சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, அந்தத் துணியைக் கட்டி எறிந்துவிடுங்கள். ஊறிப்போன தாளையும் பலகையையும் கழுவிப் பயனில்லை; தூக்கிப் போடுங்கள். குளோரின் வெளுப்பு நீரை மீன் தொட்டியருகே கொண்டுபோகாதீர்கள். எக்காரணம் கொண்டும் அதைக் காடியோடோ அம்மோனியா உள்ள மருந்தோடோ கலக்காதீர்கள். நச்சுக் காற்று கிளம்பும். ஆஸ்துமா உள்ளவர்களை அந்த வேளையில் வீட்டில் வைக்கவேண்டாம்.

இன்று எங்கள் வீட்டுச் சுவர்

தாளை முழுவதும் உரித்தோம். கறுத்துப்போன பூச்சைக் கொத்தி எடுத்துப் புதுப்பூச்சுப் பூசி, 6 வாரம் காயவிட்டோம். பிளாஸ்டிக் தாள் ஒட்டிச் சோதித்த பிறகுதான் சாயக்கடைக்குப் போனேன். தொட்டிக்குப் பின்னால் டைல்ஸ். அந்தச் சுவரின் மிச்சப் பகுதிக்கு எப்பாக்சி. மற்றச் சுவர்களுக்குக் கழுவத்தக்க நீர்ச்சாயம். மகன் அறைப் பக்கம் அம்மா சொன்னபடி சுண்ணாம்பு. கொஞ்சம் நீலமும் கலந்து. ஏர்கோன் காற்று நேராகச் சுவரில் அடிக்காதபடி திருப்பிவிட்டோம். கட்டிலையும் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டோம்.

பிள்ளைக்கு ஆஸ்துமா பறந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். சுவருக்குப் பூசியது சுவருக்குத்தான் மருந்து. டாக்டர் கொடுத்த மருந்தை அவன் இன்றும் விடவில்லை, நீங்களும் விடாதீர்கள். ஆனால் அதன் பிறகு நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டிய நிலை வரவில்லை. அதுவே எங்களுக்குப் பெரிய நிம்மதி.

நீல வானத் தாள் போய்விட்டதே என்று முதலில் அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். பாட்டிதான் மட்டையை அவன் கையில் கொடுத்து, “வா, உங்க தாத்தா மாதிரி நீயும் அடி” என்றார். முழங்கால் உயரம் வரை அவனே அடித்தான். அந்த இடம் மட்டும் திட்டுத் திட்டாகத்தான் இருக்கிறது. இந்தத் தீபாவளிக்கும் அதை அவன்தான் அடிக்கப்போகிறானாம்.

வாசகர்களே, இன்றிரவு தொட்டி விளக்கை அணைக்கும் முன் இரண்டு காரியம் செய்யுங்கள். தண்ணீர் மட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். பின் சுவரை ஒரு தடவை தொட்டுப் பாருங்கள். அந்தச் சுவருக்கு மறுபக்கம் யார் படுத்திருக்கிறார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். அப்புறம் கடைக்குப் போனால் எதை வாங்குவது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.